கழற்றும் முன் கண்டறியுங்கள்: பழைய செரோக்கி வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செரோக்கி நண்பர்களுக்கு,

1987 முதல் 2001 வரை வெளிவந்த, 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியரும் பூட்டிய ஜீப் செரோக்கியை இன்றும் பாறைத் தடங்களிலும் மணல் வழிகளிலும் ஓட்டிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். எக்ஸ்ஜே என்று நாம் அழைக்கும் இந்த வண்டியின் உற்பத்தி நின்று ஏறக்குறைய கால் நூற்றாண்டாகிறது. இனிப் புதிதாக ஒன்று வரப்போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. அந்த அக்கறையில்தான் இந்த மடல்.

உங்களில் பலருக்கு இது நேர்ந்திருக்கும். மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் இரைகிறது, டேக்கோமீட்டர் முள் மேலே போகிறது, வண்டி மட்டும் அதற்கேற்ப நகரவில்லை. அடுத்த நாள் கராஜுக்குப் போகிறீர்கள். தெருமுனை வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகை பல நேரம் வண்டியின் விலையையே எட்டிவிடுகிறது. நன்றாக ஓடும் எஞ்சினும் துருப்பிடிக்காத பாடியும் கொண்ட வண்டி அப்படியே பழைய இரும்புக்குப் போகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ஸ்லிப் ஆகிறது என்பது வெறும் அறிகுறி. அதற்குப் பின்னால் குறைந்துபோன ஆயில் இருக்கலாம், தளர்ந்த ஒரு கேபிள் இருக்கலாம், சேறு புகுந்த ஒரு சுவிட்ச் இருக்கலாம், உண்மையிலேயே எரிந்துபோன கிளட்ச் பிளேட்டும் இருக்கலாம். இவற்றில் எது என்று நிரூபிக்கும் வரை கியர்பாக்ஸைக் கழற்ற விடாதீர்கள். நிரூபிக்கும் வழி இந்தக் கியர்பாக்ஸில் மிகத் தெளிவாக இருக்கிறது.

முதலில் உங்களிடம் இருப்பது எந்தக் கியர்பாக்ஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1984 முதல் 1986 வரை வந்த செரோக்கிகளில் கிரைஸ்லரின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் இருந்தது. 1987-இல் 4.0 லிட்டர் எஞ்சினோடு சேர்ந்து வந்தது ஏடபிள்யூ4. ஜப்பானின் ஐசின் வார்னர் தயாரித்த நான்கு கியர் பெட்டி இது. டொயோட்டாவின் 4ரன்னர், சூப்ரா போன்ற வண்டிகளில் வந்த ஏ340 குடும்பத்தைச் சேர்ந்தது. கடினமான உழைப்புக்குப் பெயர்போன குடும்பம். ஆகவே ஒரு ஏடபிள்யூ4 ஸ்லிப் ஆகிறது என்றால், உள்ளே தேய்ந்துவிட்டது என்று எண்ணும் முன் வெளியே என்ன கெட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை.

இந்தப் பெட்டியில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. எப்போது கியர் மாற வேண்டும் என்பதை டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. த்ராட்டில் சென்சார், வேக சென்சார், கியர் லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் ஆகியவற்றைக் கேட்டு அது மூன்று சோலினாய்டுகளை இயக்குகிறது. முதல் இரண்டும் கியரை மாற்றுபவை, மூன்றாவது டார்க் கன்வெர்ட்டரை லாக் செய்வது. ஆனால் கிளட்ச் பிளேட்டுகளை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. அந்த ஆயில் பிரஷரைக் கூட்டிக் குறைப்பது த்ராட்டில் பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கும் ஒரு சாதாரணக் கம்பிக் கேபிள். நேரம் மின்சாரத்தின் கையில், பிடி ஆயிலின் கையில். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் மீதிச் சோதனைகள் தாமாகவே வரிசைக்கு வரும்.

சோதனை தொடங்குவது ஓட்டுநர் இருக்கையில். எப்போது ஸ்லிப் ஆகிறது என்று எழுதி வையுங்கள். காலையில் முதல்முறை எடுக்கும்போதா, சூடான பிறகா? எல்லாக் கியரிலுமா, ஒன்றில் மட்டுமா? ரிவர்ஸ் எப்படி? சமதரையில் சரியாக இருந்து செங்குத்தான ஏற்றத்தில் மட்டும் விட்டுவிடுகிறதா? சூட்டில் மட்டும் வருவது பெரும்பாலும் பிரஷர் கசிவைக் காட்டுகிறது. ஆயில் சூட்டில் நீர்த்து, இறுகிப்போன ரப்பர் சீல்களின் வழியே தப்புகிறது. செங்குத்தான ஏற்றத்தில் மட்டும் வருவது ஆயில் குறைவைக் காட்டுகிறது. வண்டி சாயும்போது கியர்பாக்ஸின் அடித்தட்டான பானில் இருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது.

ஸ்லிப் அல்லாததை ஸ்லிப் என்று எண்ணிவிடக் கூடாது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது பிரேக் பெடலை லேசாகத் தொட்டால் கன்வெர்ட்டர் லாக் விடுபட்டு ஆர்பிஎம் சில நூறு ஏறும். அது இயல்பு. கன்வெர்ட்டர் லாக் ஆகவே இல்லையென்றால் எப்போதும் அந்தக் கூடுதல் ஆர்பிஎம்மிலேயே ஓடும், ஆயிலும் சூடாகும். ஒரு கணக்கு உதவும். 3.55 ஆக்சில் ரேஷியோவும் கம்பெனி அளவான 225/75 ஆர்15 டயரும் உள்ள வண்டி, நான்காம் கியரில் லாக் ஆன நிலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 2,000 ஆர்பிஎம்மில் ஓட வேண்டும். நான்காம் கியரின் ரேஷியோ 0.75, மூன்றாவது 1.00, இரண்டாவது 1.53, முதலாவது 2.80. எந்தக் கியரில் என்ன ஆர்பிஎம் வர வேண்டும் என்று இவற்றை வைத்து நீங்களே கணக்கிடலாம். 31 அங்குல டயர் மாட்டியிருந்தால் அதற்கேற்ப எண்கள் இறங்கும், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். கணக்கோடு ஆர்பிஎம் ஒத்துப்போனால் கியர்பாக்ஸ் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

எஞ்சின் இரைகிறது, வண்டி துளியும் நகரவில்லை என்றால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பவற்றையும் விசாரியுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் லிங்கேஜ் நழுவி நியூட்ரலில் நிற்கலாம். பின் ஆக்சில் ஷாஃப்ட் உடைந்திருக்கலாம். டூவீலில் நகராத வண்டி ஃபோர்வீலில் முன்சக்கரங்களால் இழுத்துக்கொண்டு நகர்ந்தால் குற்றவாளி கியர்பாக்ஸ் அல்ல. பளு ஏற்றும்போது டக் டக்கென்று அடித்து விடுவது டிரான்ஸ்ஃபர் கேஸில் தளர்ந்த செயின் பல் தாண்டுவதாக இருக்கலாம்.

இதன் பிறகு ஆயில். ஏடபிள்யூ4-இன் ஆயில் அளவைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியர் நிலைகளுக்கும் லீவரைக் கொண்டுபோய்த் திருப்பி, பார்க்கில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். 1987-க்கு முந்தைய கிரைஸ்லர் பெட்டியில் நியூட்ரலில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது. அளவுக்கு மேல் ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்குகின்றன, நுரைக்குப் பிரஷர் இல்லை. இரண்டும் ஸ்லிப்பில்தான் முடிகின்றன.

நிறத்தையும் வாசனையையும் கவனியுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பு என்றால் வயதானது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் பிளேட்டுகளின் உராய்வுப் பூச்சு எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் போலக் கலங்கியிருந்தால் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது, அல்லது ஆற்றைக் கடந்தபோது தண்ணீர் புகுந்திருக்கிறது. உராய்வுப் பூச்சைப் பிளேட்டில் ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கூலன்ட் இளக்கிவிடும். அந்த நிலையில் ஒவ்வொரு கிலோமீட்டரும் சேதம்.

எந்த ஆயில் என்பதும் கேள்வி. வண்டியில் கிரைஸ்லர் பெயர் இருப்பதால் உதிரிபாகக் கடைக்காரர்கள் ஏடிஎஃப் பிளஸ் 4 எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது கிரைஸ்லரின் சொந்தப் பெட்டிகளுக்கானது. ஏடபிள்யூ4 கேட்பது டெக்ஸ்ரான், மெர்கான் வகை ஆயில். முந்தைய உரிமையாளர் எதை ஊற்றினார் என்று தெரியாவிட்டால் வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள். பானில் டிரெய்ன் போல்ட் இருக்கிறது. ஒருமுறை வடித்தால் மொத்த ஆயிலில் ஏறக்குறைய பாதிதான் வரும், மீதி கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே இடையிடையே ஓட்டி, சில முறை வடித்து ஊற்றுவது நல்லது. ஆயில் மாற்றினால் பழைய கியர்பாக்ஸ் செத்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் ஸ்லிப் தொடங்கிய பிறகுதான் ஆயில் மாற்றும் யோசனையே வருகிறது. ஏற்கெனவே எரிந்த பிளேட்டின் பழி புது ஆயிலின் மேல் விழுகிறது.

ஆயில் குறைந்திருந்தால் அது போன இடத்தைக் கண்டுபிடியுங்கள். கூலர் குழாய்களின் இணைப்பு, பான் கேஸ்கெட், டிப்ஸ்டிக் குழாய் பெட்டிக்குள் இறங்கும் இடத்து ஓ-ரிங், பம்ப்பின் முன் சீல் என்ற இந்த நான்கு இடங்களையும் துடைத்துவிட்டு, ஓட்டி, திரும்பப் பாருங்கள்.

அடுத்தது நான் சொன்ன கேபிள். மேலோட்டமாக விட்டுவிடக் கூடாத இடம் இது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்களோ அவ்வளவு பிரஷரைக் கூட்டச் சொல்லிக் கியர்பாக்ஸுக்குச் சேதி கொண்டுபோவது இதுதான். கேபிள் தளர்ந்திருந்தால் எஞ்சின் முழு பலத்தோடு இழுக்கும், பெட்டியோ லேசான பிரஷரில் பிடித்துக்கொண்டிருக்கும். பிளேட்டுகள் வழுக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால், நல்ல பிளேட்டும் எரிந்துவிடும். மாறாக, கேபிள் இறுக்கமாக இருந்தால் கியர் ஒவ்வொன்றும் உதைத்து மாறும். என் நண்பர் ஒருவரின் செரோக்கிக்குப் பெட்டியையே மாற்றச் சொல்லி ஒரு கராஜில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தபோது கழற்றிய கேபிளைத் திரும்பச் சரிசெய்யாமல் மாட்டியதுதான் காரணம். அதைச் சரிசெய்த பிறகு அதே பெட்டி அதே வண்டியை மலையேற்றியது.

சரிசெய்வதற்குக் கருவியே வேண்டாம். எஞ்சினை அணையுங்கள். த்ராட்டில் பாடிப் பக்கம் கேபிள் உறையில் இருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டு, கேபிள் உறையை அதன் பிடிப்பானுக்குள் முழுவதும் உள்ளே தள்ளி, பட்டனை விடுங்கள். பிறகு த்ராட்டில் லீவரைக் கையால் முழுவதும் திறந்துவிடுங்கள். கேபிள் கிளிக் கிளிக்கென்று தானாகவே சரியான நீளத்துக்கு வந்துவிடும். உறை உருகியிருந்தாலோ கம்பி பிரிந்திருந்தாலோ கேபிளை மாற்றுங்கள்.

இப்போது இந்தப் பெட்டி நமக்குத் தந்திருக்கும் மிகச் சிறந்த சோதனை. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். அது இருக்கும் இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், உங்கள் ஆண்டுக்கான வொர்க்ஷாப் மேனுவலில் பாருங்கள். சோலினாய்டுகளுக்கு மின்சாரம் இல்லாத நிலையில் பெட்டி முழுக்க ஆயில் பிரஷரில் இயங்கும். லீவரை 1-2 நிலையில் வைத்தால் முதல் கியர், 3-இல் வைத்தால் மூன்றாம் கியர், டி-யில் வைத்தால் நான்காம் கியர். ரிவர்ஸ் வழக்கம்போல. இரண்டாம் கியர் மட்டும் கிடைக்காது. ஆளில்லாத இடத்தில் 1-2-இல் புறப்பட்டு, 3-க்கும் டி-க்கும் நீங்களே மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஓடும் வேகத்தில் 1-2-க்கு மட்டும் இறக்காதீர்கள். தடுக்கக் கம்ப்யூட்டர் இல்லாததால் நேராக முதல் கியரில் விழும், எஞ்சினும் சக்கரங்களும் அதிரும்.

இந்த ஒரு ஓட்டம் வழக்கைப் பாதியாகப் பிரித்துவிடுகிறது. ஃபியூஸ் இல்லாமல் இந்தக் கியர்கள் ஒழுங்காகப் பிடித்தால் கோளாறு மின்சாரப் பக்கம். அப்போதும் அதே இடத்தில் நழுவினால் கோளாறு ஆயில் பக்கம். இதில் இன்னொரு படிப்பினையும் உண்டு. அந்த ஃபியூஸ் தானாகவே போய்விட்ட வண்டி டி-யில் வைத்தால் நான்காம் கியரிலேயே புறப்படும். எஞ்சின் இரையும், வண்டி மெல்ல ஊரும். ஓட்டுபவருக்கு அது ஸ்லிப் என்றே தோன்றும். ஒரு ஃபியூஸின் விலைக்குத் தீர வேண்டியது பெட்டி இறக்கும் அளவுக்குப் போகலாம்.

மின்சாரப் பக்கம் என்று தெரிந்தால் ஒரு மல்டிமீட்டர் போதும். த்ராட்டில் சென்சாரில் வோல்டேஜ் பார்த்தபடி பெடலை மெல்ல அழுத்துங்கள். எண் சீராக நகர வேண்டும். நடுவில் குதித்தாலோ விழுந்தாலோ சென்சார் போய்விட்டது, தவறான நேரத்தில் கியர் மாறுவதற்கு அதுவே போதும். 1990 வரையிலான வண்டிகளில் இந்தச் சென்சாருக்கு எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று என்று இரண்டு பகுதிகள் உண்டு. எஞ்சின் பக்கம் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கியர்பாக்ஸ் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் பெட்டியின் வெளிப்பக்கத்தில், சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடத்தில் இருக்கிறது. ரிவர்ஸ் லைட் எரியவில்லை, பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஆகிறது என்பதோடு கியர் குழப்பமும் சேர்ந்து வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கழற்றித் திறந்து, உள்ளே இருக்கும் செப்புப் பரப்புகளைத் துடைத்து, புது கிரீஸ் வைத்து மாட்டினால் பல சுவிட்சுகள் பிழைத்துக்கொள்கின்றன. வேக சென்சாரின் ஒயர், கியர்பாக்ஸ் ஒயரிங் எஞ்சினிலும் எக்ஸாஸ்டிலும் உரசும் இடங்கள், எர்த் இணைப்புகள் எல்லாவற்றையும் பாருங்கள். சோலினாய்டு ஒவ்வொன்றின் ரெசிஸ்டன்ஸும் 11 முதல் 15 ஓம் இருக்க வேண்டும். சோலினாய்டு போயிருந்தாலும் பெட்டியை இறக்க வேண்டியதில்லை. பானைக் கழற்றினால் கை எட்டும் இடத்தில்தான் இருக்கிறது.

ஆயில் பக்கம் என்று தெரிந்தால் எந்தக் கியரில் நழுவுகிறது என்ற உங்கள் குறிப்புக்கு இப்போது பொருள் கிடைக்கிறது. ஒவ்வொரு கியருக்கும் குறிப்பிட்ட கிளட்சுகளும் பிரேக்குகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. முன்னே போகும் எல்லாக் கியரும் நழுவி, ரிவர்ஸ் உறுதியாக இருந்தால் ஃபார்வர்டு கிளட்ச். ரிவர்ஸும் மூன்றாம், நான்காம் கியர்களும் நழுவினால் இவை மூன்றுக்கும் பொதுவான டைரக்ட் கிளட்ச். டி-யில் முதல் கியர் நழுவி, லீவரை 1-2-க்குக் கொண்டுவந்ததும் பிடித்துக்கொண்டால் முதல் கியரின் ஒன்வே கிளட்ச். 1-2-இல் அதற்குத் துணையாக ஃபர்ஸ்ட்-ரிவர்ஸ் பிரேக்கும் பிடிப்பதால்தான் அந்த வேறுபாடு. ரிவர்ஸ் மட்டும் நழுவி, 1-2-இல் இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங்கும் இல்லையென்றால் அந்த ஃபர்ஸ்ட்-ரிவர்ஸ் பிரேக்கையே சந்தேகிக்க வேண்டும். நான்காவது மட்டும் என்றால் ஓவர்டிரைவ் பிரேக். எல்லாக் கியரிலும் ஒன்றுபோல நழுவினால் ஏதோ ஒரு பிளேட் என்று சொல்ல முடியாது. பொதுவான பிரஷர், அதாவது ஆயில், அடைபட்ட ஃபில்டர் வலை, பம்ப், பிரஷர் ரெகுலேட்டர், கேபிள் என்று திரும்பப் போக வேண்டும்.

இதை உறுதிப்படுத்த மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது நேரச் சோதனை. சூடான நிலையில், ஐடிலில், பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலிலிருந்து டி-க்கு மாற்றினால் 1.2 நொடிக்குள், ரிவர்ஸுக்கு மாற்றினால் 1.5 நொடிக்குள் கியர் விழும் அதிர்வு தெரிய வேண்டும். தாமதம் என்றால் பிரஷர் குறைவு அல்லது தேய்மானம். இரண்டாவது பிரஷர் சோதனை. பெட்டியின் வெளியே இருக்கும் சோதனைத் துளையில் 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜை மாட்டி, டி-யிலும் ரிவர்ஸிலும், ஐடிலிலும் பிரேக் போட்டபடி ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும் ஸ்டாலிலும் பார்த்து மேனுவலோடு ஒப்பிட வேண்டும். ரிவர்ஸில் பிரஷர் டி-யைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. இரண்டிலும் குறைந்தால் பம்ப், ரெகுலேட்டர், கேபிள். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தப் பாதையில் சீல் கசிகிறது. பிரஷர் சரியாக இருந்தும் நழுவினால் பிளேட் எரிந்துவிட்டது.

மூன்றாவது ஸ்டால் சோதனை. நான்கு சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் முழுவதும் போட்டு, முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லாதபடி பார்த்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஆர்பிஎம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஐந்து நொடிக்கு மேல் கூடாது. அடுத்த முறைக்கு முன் நியூட்ரலில் ஆயில் ஆறட்டும். மேனுவல் சொல்லும் எல்லையைத் தாண்டி ஏறினால் உள்ளே பிளேட் நழுவுகிறது. எல்லைக்குக் கீழேயே நின்றுவிட்டால் எஞ்சின் பலவீனம், அல்லது கன்வெர்ட்டருக்குள் ஸ்டேட்டரின் ஒன்வே கிளட்ச் பழுது. ஏற்கெனவே கருகிய வாடை அடிக்கும் பெட்டியில் இந்தச் சோதனையே வேண்டாம். பதில் டிப்ஸ்டிக்கிலேயே இருக்கிறது.

கடைசியாகப் பானைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் காந்தங்களில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது பல ஆண்டு ஓட்டத்தின் இயல்பான தேய்மானம். கறுப்புத் துகள் கனமாகப் படிந்திருந்தால் பிளேட் போயிருக்கிறது. பித்தளை நிறச் செதில்கள் என்றால் புஷ். கண்ணுக்குத் தெரியும் இரும்புத் துண்டு என்றால் இனி ஓட்ட வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு பிளேட்தான் என்று நிரூபணமானால் தயங்காமல் பெட்டியை இறக்குங்கள். ஸ்லிப்பை நிறுத்தும் என்று சொல்லி விற்கும் பாட்டில் மருந்துகளில் காசைப் போடாதீர்கள். அவை இறுகிய சீலைக் கொஞ்ச நாள் உப்பச் செய்யலாம், எரிந்த பூச்சைத் திரும்ப வளர்க்காது. பழைய இரும்புக் கடையிலிருந்து வேறு பெட்டி எடுப்பவர்கள் வெளிவரும் ஷாஃப்டின் பற்களை எண்ணுங்கள். முந்தைய வண்டிகளில் 21, பிந்தையவற்றில் 23. டிரான்ஸ்ஃபர் கேஸோடு பொருந்தாவிட்டால் உழைப்பெல்லாம் வீண். எதை மாட்டினாலும் கூலரையும் குழாய்களையும் கழுவாமல் மாட்டாதீர்கள். பழைய பெட்டியின் துகள்கள் புதியதைத் தின்றுவிடும்.

நன்றாக இருக்கும் பெட்டியைக் காப்பது உங்கள் ஓட்டத்தில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கின் முதல் எதிரி சூடு. ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் நிம்மதியாக இருக்கும். 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெடும். அமெரிக்காவின் மோவாப் பாறைகளிலும் அரிசோனா மணலிலும் மெல்ல ஊரும்போது கன்வெர்ட்டர்தான் அந்தச் சூட்டைத் தயாரிக்கிறது. அங்கே டிரான்ஸ்ஃபர் கேஸை லோ-வில் போடுங்கள். 2.72 மடங்கு குறைப்புக் கிடைப்பதால் கன்வெர்ட்டர் திணறாமல் வண்டி ஏறும். நீண்ட ஏற்றத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே பெட்டி தடுமாறினால் லீவரை 3-இல் வைத்துவிடுங்கள். பெரிய டயர் மாட்டியவர்கள் ஆக்சில் ரேஷியோவையும் மாற்றுங்கள். தனி ஆயில் கூலர் ஒன்றும் வெப்பமானி ஒன்றும் பூட்டுங்கள். ஆற்றைக் கடப்பவர்கள் பெட்டியின் காற்றுக் குழாய் மேலே, தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நழுவும் பெட்டியோடு தடத்துக்குப் போகாதீர்கள் என்பதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். செங்குத்தான ஏற்றத்தின் நடுவில் பிடி விட்டால் வண்டி பின்னோக்கி உருளும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் இல்லாவிட்டால் முழுப் பாரமும் கால் பிரேக்கின் மேல் விழும். பின்னால் வருபவர்களின் உயிரும் இதில் இருக்கிறது.

நண்பர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் ஆயிலின் நிலை, கேபிள் சரிசெய்யப்பட்டதா, ஃபியூஸ் கழற்றிய ஓட்டத்தில் தெரிந்தது என்ன, பிரஷர் எண்கள் என்ன என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கும் கராஜில் வண்டியை விடாதீர்கள். உங்கள் ஆண்டுக்கான வொர்க்ஷாப் மேனுவல் ஒன்றை வாங்கி வண்டியிலேயே வையுங்கள். புதிதாகச் செரோக்கி வாங்கிய யாராவது ஸ்லிப் ஆகிறது என்று உங்களிடம் வந்தால், போய்விட்டது என்று சொல்லி அனுப்பாதீர்கள். எந்தக் கியரில், எப்போது, ஆயில் என்ன நிறம் என்று கேளுங்கள். அந்த மூன்று கேள்விகள் ஒரு வண்டியைக் காப்பாற்றும்.

அன்புடன்,
உங்களோடு அதே தடங்களில் ஓட்டும் ஒருவன்